உள்ளே இறங்கிய பொத்தான்

குரலுக்கு மதிப்புப் போய் வெகுகாலமாகிவிட்டது. யார் குரலையும் யாரும் செய்துவிடலாம், யார் முகத்தையும் யார் கழுத்திலும் ஒட்டிவிடலாம் என்றான பிறகு, சட்டம் ஒலிப்பதிவையும் படப்பதிவையும் வாசலோடு நிறுத்திவிட்டது. கடைசியில் அது நம்பியது மனிதக் கையை. உறுதிமொழி எடுத்த ஒரு கைப்பதிவாளர், சாட்சி சொல்லச் சொல்லத் தன் விரல்களால் தட்டச்சு செய்தது மட்டுமே ஆதாரம். விரல் ரேகையும் நாடித்துடிப்பும் விசைப்பலகையிலேயே பதிவாகும் என்பதால் அதில் யாரும் விளையாட முடியாது. "அத்தனை விஞ்ஞானிகளும் கூடி யோசிச்சுட்டுக் கடைசீல டைப்பிஸ்ட்கிட்டத்தான் வந்து நின்னாங்க" என்று சிந்துஜா சொல்லிச் சிரிப்பாள்.

சிந்துஜா, நொய்யல் கரையில் இருந்த ஒரு பணியிடப் புகார் மன்றத்தில் கைப்பதிவாளர். ஐம்பதைத் தாண்டியவள். கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டுக்கொண்டு, திரையைப் பார்க்காமல் சாட்சியின் முகத்தைப் பார்த்தபடியே அடிப்பாள். அந்த வேகத்துக்குக் காரணம் அவளுடைய கருவிப்பட்டை என்று அலுவலகமே சொல்லும்.

கைப்பதிவாளர்கள் எழுதும் 'ஏடு' என்ற மென்பொருளில், மேலே ஒரு பட்டை இருக்கும். ஆளுக்கு ஆள் அதை மாற்றி அமைத்துக்கொள்ளலாம். எழுத்தைச் சாய்ப்பது, வண்ணம் பூசுவது போன்ற அலங்காரங்களை எல்லாம் சிந்துஜா முதல் நாளே தூக்கி எறிந்துவிட்டாள். அவற்றின் இடத்தில் 'மேற்படி நபர்', 'சாட்சி அழுகிறார்', 'வினா மறுக்கப்பட்டது' என்று தனக்கு வேண்டியதை எல்லாம் கைக்கு எட்டும் வரிசையில் வைத்தாள். புதிதாக வேலைக்குச் சேரும் பெண்கள் அவள் பட்டையை எட்டிப் பார்த்துவிட்டுப் போவார்கள், நன்றாக அடுக்கிய அஞ்சறைப்பெட்டியைப் பார்ப்பதுபோல. அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

ஏட்டில் இன்னொரு வசதியும் இருந்தது. விரல் எங்கே தயங்குகிறது என்று விசைப்பலகை கவனித்துக்கொண்டே இருக்கும். ஒரே மாதிரியான இடத்தில் திரும்பத் திரும்பத் தயங்கினால், "இங்கே ஒரு பொத்தான் வைக்கவா?" என்று கேட்கும். சரி என்றால் வைத்துவிடும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் சிந்துஜா தயங்கியது கெட்ட வார்த்தைகளில். புகார் மன்றத்துக்கு வரும் பெண்கள், தங்களை மேலாளர்களும் சூப்பர்வைசர்களும் திட்டியதை அப்படியே சொல்வார்கள். சிந்துஜா அதை எழுத்தெழுத்தாக அடித்துவிட்டு, கழிவறைக்குப் போய்ச் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டு வருவாள். ஒருநாள் ஏடு கேட்டது. அவள் சரி என்றாள். அந்தப் பொத்தானுக்கு 'நாகரிகம்' என்று பெயர் வைத்தாள். அதை அமுக்கினால் எப்பேர்ப்பட்ட வசவும் 'தகாத சொற்கள்' என்று மாறிவிடும். அவ்வப்போது மட்டும் அமுக்குவது என்றுதான் நினைத்திருந்தாள்.

மகிழினி அவள் மேசைக்கு முன்னால் வந்து நின்றது ஒரு வியாழக்கிழமை. பனியன் கம்பெனியில் பேக்கிங் பிரிவில் வேலை செய்யும் பெண். கையில் தீர்ப்பு நகல்.

"அக்கா, நான் சொன்ன வார்த்தை எங்கங்க போச்சு?"

சிந்துஜாவுக்கு அவளை நினைவிருந்தது. நாலு மாதத்துக்கு முன்னால் வந்து வாக்குமூலம் கொடுத்தவள். அவள் பிரிவின் சூப்பர்வைசர் தினமும் அவள் சாதியையும் உடம்பையும் சேர்த்து ஒரு பெயர் வைத்துக் கூப்பிடுகிறான், அட்டெண்டன்ஸ் எடுக்கும்போதுகூட அதைச் சொல்லித்தான் கூப்பிடுகிறான், மற்றவர்கள் சிரிக்கிறார்கள் என்பது புகார்.

"என்ன வார்த்தை கண்ணு?"

"இதுல பாருங்க. 'மேற்படி நபர் தகாத சொற்களால் குறிப்பிட்டார்'னு இருக்குது. நான் அப்படியா சொன்னேன்? அவரு சொன்னத அப்படியே சொன்னனே. குறிப்பா என்ன சொன்னாருன்னு இல்லாததால தள்ளுபடின்னு போட்டுட்டாங்க."

தீர்ப்புச் சொல்பவர்கள் சென்னையில் இருப்பார்கள். சாட்சியின் முகத்தைப் பார்த்தால் மனம் சாயும் என்று, கைப்பதிவாளர் அடித்த எழுத்தை மட்டும்தான் அவர்களுக்கு அனுப்புவது. எழுத்தில் இல்லாதது அவர்களைப் பொறுத்தவரை நடக்காதது.

சிந்துஜா தீர்ப்பை வாங்கிப் படித்தாள். படித்ததும் அவளுக்கு முதலில் வந்தது கோபம், அதுவும் மகிழினி மேல். "நீ சொன்னதத்தான் அடிச்சேன். அன்னிக்கு அழுதுட்டே பேசுன. வார்த்தைய முழுங்கியிருப்ப. இத்தன வருசத்துல என் கை ஒரு எழுத்த மாத்துனதில்ல, தெரியுமா? படிச்சுப் பாத்துத்தான கையெழுத்துப் போட்ட?"

"படிக்கலீங்க. எல்லாரு முன்னாலயும் மறுக்கா அதப் படிக்க வேண்டாம்னு நான்தான் சொன்னேன். நீங்களும் சரின்னீங்க."

சுற்றியிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மகிழினி குரலைத் தாழ்த்தினாள்.

"விசாரணை முடியற வரைக்கும் வேற யூனிட்ல போட்டிருந்தாங்க. இப்ப திங்கக்கெழமைல இருந்து அதே செக்சனுக்கு வரச் சொல்லீட்டாங்க. அதே ஆளு. போகலைன்னா பொய்ப் புகார் குடுத்தவன்னு எழுதி வெளிய அனுப்பீருவாங்க, அப்புறம் ஒரு கம்பெனியும் சேர்த்தாது. போனா அந்தாளு என்ன பண்ணுவாருன்னு நீங்களே நெனச்சுப் பாருங்க."

"அதுக்கு நான் என்ன பண்றது?" என்றாள் சிந்துஜா. மகிழினி நகலை மடித்துக்கொண்டு போய்விட்டாள்.

அவள் போன பிறகு சிந்துஜாவுக்கு வேலை ஓடவில்லை. பழைய வாக்குமூலம் ஒன்றைத் திறந்து பார்த்தாள். 'தகாத சொற்கள்.' இன்னொன்று. 'தகாத சொற்கள்.' பட்டையில் 'நாகரிகம்' பொத்தானைத் தேடினாள். பட்டையில் அது இல்லை. எப்போது காணாமல் போனது என்றும் அவளுக்குத் தெரியவில்லை. பயந்துபோய் அப்சலைக் கூப்பிட்டாள். அலுவலகத்தின் கணினிகளைப் பார்த்துக்கொள்பவன் அவன்தான்.

அப்சல் ஏட்டின் உள்ளடுக்கைத் திறந்து பார்த்துவிட்டு, "இங்க இருக்கு மேடம். உள்ள இறங்கிருச்சு" என்றான்.

"நான் இறக்கலியே?"

"நீங்க இறக்க வேணாம். ஒரே எடத்துல தவறாம ஒரே பட்டன அமுக்கிட்டே இருந்தா, இவங்க எப்படியும் அமுக்கத்தான் போறாங்கன்னு அதுவே உள்ள எடுத்துக்கும். டூல்பார்ல எடம் மிச்சமாகும்ல. அதுக்கப்புறம் நீங்க அமுக்கத் தேவையில்ல. கை லேசாத் தயங்குனாப் போதும், தானா மாத்திரும்."

"நான் அந்த வார்த்தைய அடிப்பனே அப்சல்."

"அடிக்க ஆரம்பிப்பீங்க. மொத எழுத்துலயே தயங்குவீங்க. நீங்க ஸ்கிரீனப் பாக்கறவங்களும் இல்ல."

"எப்ப இருந்து?"

"ரொம்ப வருசம் மேடம். எத்தன கேசுன்னெல்லாம் பாக்க வேணாம், விடுங்க."

சிந்துஜாவின் முகம் வெளுத்துவிட்டது. அப்சல் நல்ல பையன், அவன் ஆறுதல் சொல்வதாக நினைத்துச் சொன்னான்: "உள்ள இருந்து தூக்கிடறேன், ஒரு நிமிசம். யாருக்கும் தெரியாது. இது எல்லாருகிட்டயும் இருக்கறதுதான் மேடம். அடுத்த ரூம் சாருகிட்ட, கம்பெனி மொதலாளி பேர் வந்தாலே தானா 'அவர்கள்' சேந்துக்கற பட்டன் ஒண்ணு ஓடிட்டிருக்கு."

வேறொரு நாளாக இருந்தால் அவள் சிரித்திருப்பாள். தோற்றுப்போன பெண்களின் முகங்கள் ஒவ்வொன்றாக வந்தன. 'பாவம், ஆதாரம் பத்தல' என்று வீட்டில் போய்க் கணவரிடம் சொல்லிவிட்டுச் சாப்பிட்டவள் அவள். சற்று முன்னால்கூட, என் கை ஒரு எழுத்தை மாற்றியதில்லை என்று அந்தப் பெண்ணிடம் கத்தினாள். அதை நினைத்ததும் எழுந்து ஓடிவிட வேண்டும்போல் இருந்தது. எல்லாவற்றையும் இந்தக் கை அல்லவா செய்திருக்கிறது! 'கருவிப்பட்டையும் கையின் ஒரு பகுதியே' என்று அவர்கள் எடுக்கும் உறுதிமொழியிலேயே ஒரு வரி உண்டு.

விசாரணை அதிகாரி ஜெரால்டு அறைக்குப் போய் அவள் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கேட்டுவிட்டுக் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"சிந்துஜாம்மா, இத நீங்க என்கிட்ட சொன்னதா நான் வச்சுக்கல. போய் வேலையப் பாருங்க."

"அந்தப் பொண்ணு திங்கக்கிழமை அதே ஆளுகிட்டப் போகோணும் சார். திருத்த வழி இல்லைங்களா?"

"இருக்கு. கையெழுத்துப் போட்ட பிறகு சாட்சி ஒரு வார்த்தையக்கூட மாத்த முடியாது. ஆனா கைப்பதிவாளர் மாத்தலாம். 'சாட்சி அன்று இந்தச் சொல்லைச் சொன்னார், என் காதால் கேட்டேன், என் கை மாற்றிவிட்டது'ன்னு ரெண்டு தரப்பு முன்னாலயும் சத்தியம் பண்ணி, அந்த வார்த்தையப் புதுசா அடிக்கணும். அடிச்சீங்கன்னா அவ கேஸ் நிக்கும். உங்க லைசென்ஸ் அன்னிக்கோட போச்சு. நீங்க இதுவரைக்கும் அடிச்சது பூராவையும் ஒவ்வொண்ணாத் தோண்டுவாங்க. நல்ல பேரோட வீட்டுக்குப் போற வயசு உங்களுக்கு."

"தோண்டட்டும் சார். தோண்டத்தான வேணும்."

ஜெரால்டு ஒரு தாளை இழுத்துக்கொண்டார். "சரி. நாளைக்கே வச்சுடறேன். என்ன வார்த்தை அது?"

சிந்துஜா வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை.

கூச்சம் என்றுதான் அவர் நினைத்தார். "சொல்ல வேணாம், எழுதிக் குடுங்க" என்று பேனாவை நீட்டினார். அவள் வாங்கவில்லை. மகிழினியின் முகம் நினைவிருந்தது, அன்று அவள் போட்டிருந்த மஞ்சள் துப்பட்டா நினைவிருந்தது, அதைச் சொல்வதற்கு முன்னால் அவள் எச்சில் விழுங்கியதுகூட நினைவிருந்தது. வார்த்தை மட்டும் இல்லை. தொலைந்துபோகக்கூட இல்லை, அது அவள் காதுக்குள் நுழையவே இல்லை. கெட்ட வார்த்தை ஒன்று வரப்போகிறது என்று தெரிந்ததுமே அவள் காது மூடிக்கொண்டு, அது முடிந்த பிறகுதான் திறந்திருக்கிறது. பொத்தான் எந்திரத்துக்குள் மட்டும் இறங்கவில்லை என்று அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது.

"சார், நீங்களும் அன்னிக்கு அங்கதான் இருந்தீங்க. உங்களுக்கு ஞாபகம் இருக்குதுங்களா?"

ஜெரால்டு தாளைப் பார்த்தார். "நான் அந்த நேரத்துல ஜன்னலப் பாத்துட்டு இருந்தேன்" என்றார் மெல்ல.

அன்று மாலையே சிந்துஜா மகிழினியின் வீட்டுக்குப் போனாள். கம்பெனிக்குப் பின்னால் வரிசையாக இருந்த லைன் வீடுகளில் ஒன்று. மகிழினி குழாயடியில் குடம் பிடித்துக்கொண்டிருந்தாள். சிந்துஜாவைப் பார்த்ததும் குடத்தை அப்படியே வைத்துவிட்டு உள்ளே கூட்டிப்போய் நாற்காலி போட்டாள். தண்ணீர் கொடுத்தாள். அந்த மரியாதை சிந்துஜாவுக்குத் தாங்கவில்லை.

"காலைல உன்னத் திட்டுனேன். தப்பு என்னுதுதான் மகிழினி. நீ சொல்லியிருக்க. நான்தான் மாத்தியிருக்கேன்." பொத்தான் கதையைச் சொன்னாள். மகிழினி குறுக்கே பேசாமல் கேட்டாள். நாளைக்குச் சத்தியம் செய்து திருத்தலாம் என்று சொன்னபோது அவள் முகத்தில் முதல்முறையாக உயிர் வந்தது.

"அப்ப நாளைக்கே திருத்தீரலாமுங்களா? செரியாப் போச்சுங்கக்கா. அந்த வார்த்தைய நீங்க சொன்னாப் போதும்."

"அதுதான்..." என்று சிந்துஜா நிறுத்தினாள். தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "எனக்கு அது ஞாபகமில்ல."

"மறந்துட்டீங்களா?"

"மறக்கல. கேக்கவே இல்ல."

மகிழினிக்கு அது விளங்கச் சற்று நேரம் ஆயிற்று. விளங்கியதும் அவள் கத்தவில்லை. "அன்னிக்கு அந்த ரூமுக்குள்ள நாலு ஆம்பளைங்க. நீங்க ஒருத்தர்தான் பொம்பளை. உங்க மொகத்தப் பாத்துத்தான் அதைச் சொன்னேன். நீங்க தலையாட்டுனீங்க" என்றாள்.

"ஆட்டுனேன்."

"நீங்க தலையாட்டுனதாலதான் மிச்சத்தையே சொன்னேன்."

சிந்துஜாவுக்குப் பூமிக்குள் புதைந்துவிடலாம்போல் இருந்தது. மன்னிப்புக் கேட்டால்கூட அது இன்னொரு நாகரிகமான சொல்லாகத்தான் இருக்கும் என்று பட்டது. குழாயடியில் குடம் நிரம்பி வழியும் சத்தம் கேட்டது. யாரோ மகிழினியைக் கூப்பிட்டுச் சலித்துக்கொண்டார்கள்.

"இப்பக் கேப்பீங்களா?" என்றாள் மகிழினி.

"கேக்கறேன்."

"தல குனியாம கேக்கோணும்."

சிந்துஜா நிமிர்ந்தாள். மகிழினி அவள் கண்ணைப் பார்த்து, அந்த சூப்பர்வைசர் அட்டெண்டன்ஸ் எடுக்கும் தோரணையிலேயே, சிந்துஜாவைக் கூப்பிடுவதுபோல அந்தப் பெயரைச் சொன்னாள். ஒருமுறைதான் சொன்னாள். சிந்துஜாவின் வலதுகைச் சுண்டுவிரல், பழைய பொத்தான் இருந்த பக்கமாகத் தானாக ஒருமுறை துடித்தது. அவள் முகம் முழுக்கச் சூடேறியது, அறைந்ததுபோல. இதைத் தினமும் காலையில் கேட்டுவிட்டுத்தான் இந்தப் பெண் சட்டைகளை மடித்துக்கொண்டிருந்திருக்கிறாள். அந்தச் சொல்லை நானும் இங்கே எழுதப்போவதில்லை. ஏன் என்று கேட்டால் சிந்துஜா இத்தனை வருஷம் சொல்லிக்கொண்ட காரணத்துக்கு மேல் என்னிடமும் ஒன்றும் இல்லை.

மறுநாள் விசாரணை அறையில் அப்சல் புதிய ஏட்டைத் திறந்து வைத்திருந்தான். மேலே பட்டை வெறுமையாக இருந்தது. ஒரு பொத்தான்கூட இல்லை. எதிரே சூப்பர்வைசர் தலையைப் படிய வாரிக்கொண்டு, வெள்ளைச் சட்டையில் தன் வக்கீலோடு உட்கார்ந்திருந்தான். மகிழினி சுவரோரமாக உட்கார்ந்திருந்தாள்.

சிந்துஜா கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டு, திரையைப் பார்த்தே அடித்தாள். அந்தச் சொல்லை எழுத்தெழுத்தாக அடித்தாள். எதிரே இருந்த பெரிய திரையில் அது வந்து நின்றது.

வக்கீல் எழுந்தார். "சார், ஒரு குடும்பப் பொம்பளை கையால அடிக்கற வார்த்தையா இது? மன்றத்துக்குன்னு ஒரு கண்ணியம் இருக்குல்ல?"

"உக்காருங்க" என்றார் ஜெரால்டு. இந்த முறை அவர் ஜன்னலைப் பார்க்கவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். சூப்பர்வைசர்தான் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். தினமும் வாய் கூசாமல் சொன்ன சொல், எழுத்தில் பார்க்கும்போது அவனுக்கே கூசியது போலிருக்கிறது.

"கடைசிக் கேள்வி" என்றார் ஜெரால்டு. விதிப்படி கேட்டே ஆக வேண்டிய கேள்வி. "சாட்சி அன்றைக்கு இந்தச் சொல்லைச் சொன்னபோது, உங்கள் காதால் கேட்டீர்களா? பதிலை நீங்களே அடியுங்கள்."

கேட்கவில்லை என்பதுதான் உண்மை. அதை அடித்தால் திங்கட்கிழமை மகிழினி அதே ஆளிடம் பேக்கிங் பிரிவுக்குப் போக வேண்டும். சிந்துஜா ஜெரால்டைப் பார்த்தாள். அவருக்குத் தெரியும். அவர் தன் பேனாவை மூடித் திறந்துகொண்டிருந்தார். சிந்துஜா விசைப்பலகையில் கை வைத்து, 'கேட்டேன்' என்று அடித்தாள்.

அடித்து முடித்ததும், அவளுக்கு மட்டும் தெரியும்படி திரையின் ஓரத்தில் ஒரு வரி வந்தது. 'இந்த இடத்தில் உங்கள் விரல் தயங்கியது. ஒரு பொத்தான் வைக்கவா?' அந்தக் கெட்ட வார்த்தையை அடித்தபோது ஏடு எதுவும் கேட்கவில்லை. சிந்துஜா 'வேண்டாம்' என்பதை அமுக்கினாள்.

"பதிவாகட்டும்" என்றார் ஜெரால்டு.

திருத்தம் பதிவானதும் தள்ளுபடி அங்கேயே நிறுத்திவைக்கப்பட்டது. மறு தீர்ப்பு வரும்வரை சூப்பர்வைசர் கம்பெனி வாசலை மிதிக்கக் கூடாது என்று உத்தரவானது. சிந்துஜா தன் அடையாள அட்டையைக் கழற்றி ஜெரால்டு மேசைமேல் வைத்தாள். அவர் எடுத்துக்கொள்ளவும் இல்லை, திருப்பிக் கொடுக்கவும் இல்லை.

வெளியே வேப்பமரத்தடியில் மகிழினி காத்திருந்தாள். நன்றி சொல்லத்தான் நிற்கிறாள் என்று நினைத்து, அதை எப்படித் தடுப்பது என்று யோசித்துக்கொண்டே சிந்துஜா கிட்டே போனாள்.

"அக்கா, பொய்தான சொன்னீங்க?"

"ஆமா. உனக்காகத்தான்..."

"தெரியுதுங்கக்கா. திங்கக்கெழமை நான் தைரியமா வேலைக்குப் போவேன், அதுக்கு நீங்கதான் காரணம். லைசென்சும் போச்சு உங்களுக்கு. குத்தம் சொல்லல நான்." மகிழினி துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டாள். "இந்த நாலு மாசமும், கேஸ் தோத்தாலும் சரி, ஒருத்தராவது என்னைய முழுசாக் கேட்டாங்கன்னு நெனச்சுட்டிருந்தேன். ராத்திரி தூக்கம் வராதப்பெல்லாம் உங்க தலையாட்டலைத்தான் நெனச்சுக்குவேன். இப்ப அது இல்லீங்களே."

பேருந்து வந்தது. மகிழினி "வரனுங்க" என்று சொல்லிவிட்டு ஏறிக்கொண்டாள். சிந்துஜாவுக்குப் பழக்கதோஷத்தில் தலை ஆடப்பார்த்தது. அவள் அதை அடக்கிக்கொண்டு நின்றாள்.